மலை ஏற ஏறச் செடிகள் குறைகின்றனவா?

ஒரு மலையின் அடிவாரத்திலிருந்து உச்சி வரை நடந்தால், வழியில் காணும் தாவர இனங்களின் எண்ணிக்கை எப்படி மாறும்? யோசிக்காமல் வாயில் வருகிற பதில், "ஏற ஏறக் குறையும்" என்பதுதான். கீழே காடு, மேலே புல்வெளி, அதற்கும் மேலே பாறையும் பனியும். கண்ணுக்குத் தெரியும் காட்சி அப்படித்தான் இருக்கிறது. பாடநூல்களும் நெடுங்காலம் அப்படியே எழுதி வந்தன. ஆனால் மலை மலையாக ஏறிச் செடி செடியாக எண்ணியவர்களின் குறிப்பேடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறொன்று தெரியவந்தது. பல மலைகளில் இனங்கள் மிகுந்திருக்கும் இடம் அடிவாரமே அல்ல. அது நடுச்சரிவு.

டென்மார்க் ஆய்வாளர் கார்ஸ்டென் ராபெக், தாவரங்களையும் விலங்குகளையும் பற்றி உலகெங்கும் திரட்டப்பட்ட 204 தரவுத் தொகுப்புகளை 2005இல் ஒப்பிட்டார். அவற்றில் ஏறத்தாழப் பாதியில் இனங்களின் எண்ணிக்கை முதலில் கூடி, நடுவில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. கால் பங்கில் மட்டுமே அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராகக் குறைந்தது. மீதிக் கால் பங்கு இந்த இரண்டிலும் சேராதவை. ஆக, நாம் பொதுவிதி என்று நினைத்தது நான்கில் ஒரு பங்குக்குத்தான் பொருந்துகிறது. எண்ணிக்கையின் வளைகோட்டில் நடுவே எழும் இந்த மேடு ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் தேடி முப்பது ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. அப்படி ஒற்றைக் காரணம் கிடைக்காது என்பதே என் எண்ணம். எந்த மலை, எந்தத் தாவரக் கூட்டம், எப்படி எண்ணினார்கள் என்ற மூன்றும் தெரியாமல் வளைகோட்டைப் பார்த்துப் பயனில்லை.

இந்தக் கேள்விக்கு முதலில் உருவம் கொடுத்தவர் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1802 ஜூன் 23 அன்று அவரும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எமே போன்பிளானும் துணைவர்களோடு இன்றைய எக்குவடோரிலுள்ள சிம்பொராசோ மலையில் ஏறினார்கள். 6,263 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் உச்சியை அவர்களால் தொட முடியவில்லை. ஆனால் காற்றழுத்தமானியும் வெப்பமானியும் கையில் இருந்தன. ஆண்டிஸ் மலைகளில் கண்ட செடிகளை உயரத்தோடு சேர்த்துக் குறித்து வைத்தார்கள். 1807இல் ஹம்போல்ட் வெளியிட்ட படத்தில் மலை குறுக்குவாட்டில் வெட்டப்பட்டதுபோல் நிற்கிறது. எந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறதோ அந்த இடத்திலேயே அதன் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. மலையை அடுக்கடுக்காகப் பார்க்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்துதான் வந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை பயணம் செய்தால் காணும் மாற்றத்தை ஒரே மலையில் ஏறியே காணலாம் என்ற ஒப்புமைக்கும் அவரே வேர். அந்த ஒப்புமை பாதிதான் சரி. துருவத்துக்கு அருகே கோடையில் சூரியன் மறைவதே இல்லை, குளிர்காலத்தில் உதிப்பதே இல்லை. நிலநடுக்கோட்டு மலையுச்சியிலோ ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். பகலில் வெயில் சுடும், இரவில் உறையும், மறுநாளும் அதுவே. இரண்டு இடங்களிலும் குளிர் உண்டு என்பதால் அங்குள்ள செடியின் வாழ்க்கையும் ஒன்றாகிவிடாது.

குளிரும் மேகமும்

உயரம் என்பது தனியாக ஒரு காரணம் அல்ல. உயரத்தோடு சேர்ந்து மாறுகிற பலவற்றுக்கு நாம் வைத்த ஒற்றைப் பெயர் அது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். புற ஊதாக் கதிர்கள் கூடும், மண்ணின் ஆழம் குறையும், வளரும் பருவம் சுருங்கும். இவற்றில் குளிர் முதன்மையானது. பூக்கும் தாவரக் குடும்பங்களில் பல, வெப்பமான ஈர நிலங்களில் தோன்றியவை. உறைபனியைத் தாங்கும் திறனை வளர்த்துக்கொண்ட மரபுவழிகள் சிலவே. செல்லுக்குள் பனிப்படிகம் உருவாகாமல் தடுப்பதும், நீர் உறையும்போது தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக் குமிழி அடைக்காமல் பார்த்துக்கொள்வதும் எளிய வேலை அல்ல. மேலே போகப் போக இந்தச் சல்லடையின் கண் சிறிதாகிறது.

குளிர் மட்டுமே காரணம் என்றால் எண்ணிக்கை அடியிலிருந்தே இறங்க வேண்டும். நடுவில் மேடு எழக் காரணம், தண்ணீர் வேறொரு கணக்கில் நடப்பதுதான். ஈரக் காற்று சரிவில் மோதி மேலெழும்போது குளிர்கிறது, குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி மேகமாகிறது. வெப்பமண்டல மலைகள் பலவற்றில் 1,000 மீட்டருக்கு மேல் தொடங்கி 2,500 மீட்டரையும் தாண்டி ஒரு மேகப்பட்டை நாள்தோறும் சரிவைச் சுற்றிக்கொள்கிறது. அங்கே மழை பெய்யாத நாளிலும் மரங்களிலிருந்து நீர் சொட்டும். இலைகளும் பாசியும் மூடுபனியிலிருந்து நீரை வடித்தெடுப்பதால் வரும் சொட்டு அது. கீழே வெப்பமும் வறட்சியும் மிகுதி. மேலே குளிர் மிகுதி. நடுவில் இரண்டுமே மிதம்.

அந்த மேகக் காட்டில் கைத்தடி அளவுக் கிளை ஒன்றை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கிளையின் பட்டையே தெரியாது. முதலில் ஈரத்தில் ஊறிய பாசி மெத்தை. அதை விரலால் அழுத்தினால் பஞ்சைப் பிழிந்ததுபோல் நீர் வழியும். மெத்தைக்குள் கரிய மட்கு. அந்த மட்கில் கண்ணாடித்தாள்போல் மெல்லிய, ஒரே ஒரு செல் தடிமனே உள்ள இலைகளோடு ஒரு பெரணி. பக்கத்தில் கடுகு அளவு பூ வைத்த ஆர்க்கிட். அதற்கும் பக்கத்தில் கிண்ணம்போல் நீர் தேக்கிய இன்னொரு தொற்றுத் தாவரம். மண்ணையே தொடாமல் வாழும் இத்தனை இனங்களுக்கும் நீண்ட வறட்சி வந்தால் ஆபத்து. அதனால்தான் அவை மேகம் நிற்கும் உயரத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. கோஸ்டா ரிகாவில் வெறும் 100 மீட்டரில் தொடங்கி 3,400 மீட்டர் வரை பெரணிகளைக் கணக்கெடுத்தபோது உச்சம் 1,700 மீட்டர் அளவில் வந்தது. தரையிலுள்ள பெரணிகளையும் கிளைகளில் தொற்றிய பெரணிகளையும் சேர்த்த கணக்கு அது.

மரங்களின் கதை வேறு. ஆண்டிஸ் காடுகளில் ஒரே அளவுள்ள நிலத்துண்டுகளை மீண்டும் மீண்டும் எண்ணிய ஆல்வின் ஜென்ட்ரி, ஈரமான சரிவுகளில் ஏறத்தாழ 1,500 மீட்டர் வரை மர வகைகள் பெரிதாகக் குறையவில்லை என்றும், அதற்கு மேல் சீராக இறங்குகின்றன என்றும் கண்டார். ஒரே மலையில் மரங்களை எண்ணுபவருக்கு ஒரு வளைகோடு, பெரணிகளை எண்ணுபவருக்கு வேறொன்று, பாசிகளை எண்ணுபவருக்கு இன்னும் மேலே உச்சம் வைத்த மூன்றாவது. மூவரும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். "தாவரப் பன்மை" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. வறண்ட நிலத்திலிருந்து எழும் மலையில் அடிவாரமே ஏழ்மையாக இருப்பதால் மேடு தெளிவாகத் தெரியும். அடிவாரத்திலிருந்தே மழைக்காடாக இருக்கும் மலையில் மேடு மங்கிப்போகும், சில சமயம் காணாமலே போகும்.

கணக்கில் ஒளிந்திருப்பவை

எண்ணும் முறையே மேட்டை உண்டாக்கிவிடுவதும் உண்டு. இதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. பழைய தாவரப் பட்டியல்களில் ஓர் இனம் 1,000 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் சேகரிக்கப்பட்டிருந்தால், இடையிலுள்ள எல்லா உயரங்களிலும் அது இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம். நியாயமான ஊகம்தான். ஆனால் இந்த நிரப்பல் நடுவிலுள்ள உயரங்களுக்கே அதிகம் சேர்கிறது. இரு முனைகளுக்கும் அப்பால் நிரப்ப எதுவும் இல்லை. நேபாள இமயமலையின் தாவரப் பட்டியலை ஆராய்ந்த யோன்-ஆர்விட் கிரிட்னெஸும் ஓலே வெட்டாஸும் 2002இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நடுவில் தெரிகிற மேட்டில் எவ்வளவு மலையுடையது, எவ்வளவு நம் நிரப்பலால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அடிவாரக் காடுகள் பெரும்பாலும் எப்போதோ வெட்டப்பட்டு வயலும் ஊருமாகிவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இன்று இனங்கள் குறைவாக இருப்பது இயற்கை வகுத்ததா, மனிதர் செய்ததா? பல மலைகளில் கணக்கெடுப்பே அடியிலிருந்து தொடங்காமல், காடு மிஞ்சியிருக்கும் உயரத்திலிருந்து தொடங்குகிறது. கோட்டின் ஒரு முனையை வெட்டிவிட்டால் மேடும் இறக்கமாகத் தோன்றும்.

பரப்பளவு குறித்தும் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மலை கூம்பு வடிவம், மேலே போனால் இடம் குறைவு, எனவே இனங்களும் குறைவு என்பது அது. தனியாக நிற்கும் எரிமலைக்கு இது பொருந்தும். ஆனால் உலகின் 182 மலைத்தொடர்களை அளந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அவற்றில் 32 விழுக்காடு மட்டுமே உண்மையில் கூம்பு வடிவக் கணக்கில் அடங்கின. 39 விழுக்காட்டில் நடு உயரங்களில்தான் நிலப்பரப்பு மிகுதி. சில தொடர்களில் உயர்ந்த பீடபூமிகள் இருப்பதால் மேலே போகப் போக இடம் கூடுகிறது.

இன்னொரு விளக்கம், சூழலைப் பற்றியே பேசாதது. எதிரெதிரே இரண்டு சுவர்கள். நடுவே வெவ்வேறு நீளமுள்ள குச்சிகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். எந்தக் குச்சியும் சுவரைத் தாண்ட முடியாது என்பதால், நீளமான குச்சிகள் எல்லாம் நடுப்பகுதியைக் கடந்தே கிடக்கும். நடுவில் எண்ணினால் குச்சிகள் அதிகம், சுவரோரத்தில் குறைவு. குச்சி என்பது ஓர் இனம் பரவியிருக்கும் உயர எல்லை. சுவர்கள் என்பவை அடிவாரமும் உச்சியும். ராபர்ட் கால்வெல்லும் அவரோடு உழைத்தவர்களும் 1990களிலிருந்து வளர்த்த இந்தக் கருத்துக்குக் கடும் எதிர்ப்பும் வந்தது. பரந்த எல்லை கொண்ட இனங்களுக்கு இது ஓரளவு பொருந்துகிறது. குறுகிய பட்டையில் வாழும் இனங்களுக்குப் பொருந்துவதில்லை. காரணம் என்று சொல்வதைவிட, எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் எவ்வளவு மேடு வரும் என்று காட்டும் அளவுகோலாக இதை வைத்துக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன்.

ஒரு திட்டில் எத்தனை, மலை முழுவதும் எத்தனை

இதுவரை பேசியது ஒவ்வோர் உயரத்திலும் எத்தனை இனங்கள் என்பது. மலைகள் ஏன் இவ்வளவு வளமானவை என்பதற்கு அது மட்டும் போதாது. அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் மலைச்சரிவுகளை ஆராய்ந்தபோதுதான், ஒரு திட்டிலுள்ள பன்மை, திட்டுக்குத் திட்டு மாறும் பன்மை, நிலப்பரப்பு முழுவதன் பன்மை என்று மூன்றாகப் பிரித்தார். 1960இல் அவர் தந்த அந்தப் பிரிவுதான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. மலையின் பெருஞ்செல்வம் இந்த மூன்றில் இரண்டாவதான, திட்டுக்குத் திட்டு மாறும் பன்மையில் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் பாதிச் செடிகள் புதியவை என்றால், ஒவ்வோர் அடுக்கிலும் எண்ணிக்கை சாதாரணமாக இருந்தாலும் மொத்தம் மலைக்கவைக்கும்.

போர்னியோவின் கினபாலு இதற்கு நல்ல சாட்சி. 4,095 மீட்டர் உயரமுள்ள அந்த மலையிலும் அதைச் சுற்றிலும் 5,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் முழுப் பட்டியலே இதைவிடச் சிறியது. அங்கே இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும் குடுவையுடைய நெப்பந்தஸ் ராஜா என்ற பூச்சியுண்ணும் தாவரம் ஏறத்தாழ 1,500 முதல் 2,650 மீட்டர் வரையில் மட்டும் வளர்கிறது. அதிலும் நிக்கல், மக்னீசியம் மிகுந்த ஒரு வகைப் பாறை மண்ணில்தான் வளர்கிறது. உயரம் பொருந்தி மண் பொருந்தாவிட்டால் அது இல்லை. உயரத்தை மட்டும் வைத்து வரையும் கோடுகள் இந்த மண் கணக்கை விட்டுவிடுகின்றன.

வெப்பமண்டல மலைகளில் அடுக்குகள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதற்குச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1967இல் அழகான விளக்கம் தந்தார். குளிர்நாட்டுப் பள்ளத்தாக்கில் வளரும் செடி ஆண்டுதோறும் உறைபனியைப் பார்த்துப் பழகியது. மலைக் கணவாயின் குளிர் அதற்குப் புதிதல்ல. வெப்பமண்டலத் தாழ்நிலச் செடிக்குப் பனி என்பதே தெரியாது. ஆகவே ஒரே உயரமுள்ள கணவாய் அதற்குத் தாண்ட முடியாத சுவர். சுவர் இறுகினால் இருபுறத்து உறவினரும் பிரிந்து, காலப்போக்கில் வெவ்வேறு இனங்களாகிறார்கள். ஆண்டிஸ் மலைகளின் உயர்நிலங்களில் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த லூப்பின் பேரினம் இரண்டு மில்லியன் ஆண்டுகளுக்குள் 81 இனங்களாகப் பெருகியிருக்கிறது. தாவர உலகில் இது அசாதாரண வேகம். உயர ஏற ஏற மொத்த எண்ணிக்கை குறைந்தாலும், வேறெங்கும் இல்லாத இனங்களின் பங்கு கூடுகிறது என்பது உலகின் பல மலைகளிலும் தீவுகளிலும் காணப்படுகிற போக்கு. சிகரங்களும் தீவுகள்தான். சுற்றிலும் கடலுக்குப் பதில் வெப்பமான தாழ்நிலம்.

மரங்கள் நிற்குமிடத்துக்கு மேல்

மரங்கள் ஓர் உயரத்தோடு நின்றுவிடுவது ஏன்? ஒளிச்சேர்க்கை நடக்காததால் என்று பலர் நினைக்கிறார்கள். தாவரவியலாளர் கிறிஸ்டியன் கெர்னரின் நீண்டகால ஆய்வுகள் வேறு விடை தருகின்றன. உலகெங்கும் மர எல்லை, வளரும் பருவத்தின் சராசரி வெப்பநிலை 6 டிகிரியை ஒட்டி இருக்கும் இடத்தில் அமைகிறது. அந்தக் குளிரிலும் இலை சர்க்கரை தயாரிக்கிறது. அந்தச் சர்க்கரையை வைத்துப் புதிய திசுவைக் கட்டுவதுதான் நடக்கவில்லை. 5 டிகிரிக்குக் கீழே செல்கள் பிரிந்து வளர்வது ஏறக்குறைய நின்றுபோகிறது. உணவு கையில் இருந்தும் உடலாக்க முடியாத நிலை. மரத்தின் நுனி காற்றோட்டத்தில் நிற்பதால் காற்றின் வெப்பநிலையே அதன் வெப்பநிலை. தரையோடு ஒட்டிய செடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மெத்தைச் செடிகளைப் பார்த்தால் இது புரியும். சைலீன் அக்காலிஸ் என்ற ஆல்ப்ஸ் செடி, கவிழ்த்த தட்டுபோல் பாறையோடு படிந்திருக்கும். ஆயிரக்கணக்கான குட்டைத் தண்டுகள் நெருக்கியடித்து வளர்ந்ததால் மேற்பரப்பு கம்பளம்போல் இறுகியிருக்கும். உள்ளே காற்று நுழையாது. வெயில் நாளில் அந்த மெத்தையின் வெப்பநிலை வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் ஏறிவிடும். அதே செடி மட்கைத் தன் அடியில் சேர்த்து, நீரையும் பிடித்துவைக்கிறது. வேறு செடிகளின் விதைகள் அதன் மேல் விழுந்து முளைக்கின்றன. பல உயர்மலைகளில் வெற்றுத் தரையைவிட மெத்தைச் செடிகளுக்குள் அதிக இனங்கள் எண்ணப்பட்டுள்ளன. ஒரு செடியே பிற செடிகளுக்கு வாழிடமாகிறது. கெர்னரின் மதிப்பீட்டில், மர எல்லைக்கு மேலான உயர்மலைப் பகுதி உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடு. அங்கே வாழ்பவை ஏறத்தாழ 10,000 தாவர இனங்கள், அதாவது உலகிலுள்ள உயர்தாவரங்களில் (நீர்க்குழாய்களுள்ள தாவரங்களில்) சுமார் 4 விழுக்காடு. இடத்தோடு ஒப்பிட்டால் இது குறைவே அல்ல. எல்லைக்கு எல்லையாக, லடாக்கில் சுமார் 6,150 மீட்டரில் கூழாங்கற்களுக்கு நடுவே ஆறு இனங்கள் வாழ்வது 2016இல் பதிவாகியது. ஒவ்வொரு செடியும் உள்ளங்கைக்குள் அடங்குவது.

இந்த அடுக்குகள் இப்போது நகர்கின்றன. மேற்கு ஐரோப்பிய மலைகளில் 171 காட்டுத் தாவர இனங்களை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், அவை பத்தாண்டுக்குச் சராசரியாக 29 மீட்டர் மேலேறியிருந்தன. ஹம்போல்டின் சிம்பொராசோவுக்கு 2012இல் ஆய்வாளர்கள் திரும்பிச் சென்று, 210 ஆண்டுகளில் தாவரங்கள் 500 மீட்டருக்கும் மேல் ஏறிவிட்டன என்றார்கள். ஆனால் 2019இல் வேறொரு குழு பழைய ஆவணங்களைத் தோண்டியெடுத்தது. ஹம்போல்டின் படத்திலிருந்த உயர்நிலச் செடிகளில் பெரும்பகுதி உண்மையில் அந்திசானா என்ற வேறு மலையில் சேகரிக்கப்பட்டவை என்று தெரியவந்தது. அங்கே மீண்டும் அளந்தபோது ஏற்றம் 215 முதல் 266 மீட்டர். எண் பாதியாகக் குறைந்தது, திசை மாறவில்லை. இந்தத் திருத்தத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பெரிய பெயருக்காக யாரும் கணக்கைச் சரிபார்க்காமல் விடவில்லை.

எல்லா இடத்திலும் மேலேதான் நகர்கின்றன என்றும் இல்லை. கலிஃபோர்னிய மலைகளில் 1930களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது பல இனங்கள் 80 மீட்டர் அளவுக்குக் கீழிறங்கியிருந்தன. அங்கே ஈரப்பதம் கூடியதால் செடிகள் தண்ணீரைத் தொடர்ந்து போயின. கிளிமஞ்சாரோவில் வறட்சியோடு வந்த தீ, காட்டின் மேல் எல்லையை நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே தள்ளிவிட்டது.

ஐரோப்பாவின் 302 சிகரங்களில் 145 ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. 1957 முதல் 1966 வரையிலான பத்தாண்டில் ஒரு சிகரத்துக்குச் சராசரியாக 1.1 இனங்கள் புதிதாகச் சேர்ந்தன. 2007 முதல் 2016 வரையில் அது 5.5. எண்ணை மட்டும் பார்த்தால் சிகரங்கள் வளமாகின்றன. மத்தியதரைக் கடல் பகுதிச் சிகரங்களில் வேறொரு கணக்கெடுப்பு கண்டதோ தேக்கமும் குறைவும். அங்கே வெப்பத்தோடு வறட்சியும் சேர்ந்துகொண்டது.

சிகரங்களில் புதிதாகச் சேர்பவை பெரும்பாலும் கீழே பரவலாக வளர்கிற, உயரமான, வேகமாக வளரும் செடிகள். ஏற்கெனவே அங்கே இருப்பவை குட்டையானவை, மெதுவாக வளர்பவை, பல பத்தாண்டுகள் வாழ்பவை. ஆல்ப்ஸில் உயரம் மாற்றி நட்டுப் பார்த்த சோதனைகளில் வெப்பத்தைவிட, கீழிருந்து வந்த புதிய அண்டைச்செடிகளின் போட்டியே உயர்மலைச் செடிகளை அதிகம் நசுக்கியது. ஆனாலும் ஒரு மெத்தைச் செடி ஒளி மறைக்கப்பட்ட உடனே சாவதில்லை. பூக்காமல், விதை போடாமல் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். கணக்கெடுப்பவர் குனிந்து பார்க்கும்போது அது அங்கேதான் இருக்கும். புதிதாக வந்ததும், இனி விதைக்கப்போகாததும் அவருடைய தாளில் ஆளுக்கொரு வரியாகப் பதிவாகின்றன.